ஆள் இல்லாத இடம்: நெய்யூரும் டாக்டர் சாமர்வெல்லும்

ஒருவருடைய வாழ்க்கை என்ன பெறும் என்று அளக்க ஊரில் பல கோல்கள் உண்டு. படிப்பு, பதவி, நிலம், பேர், பட்டம் எல்லாம் அப்படிப்பட்ட கோல்கள்தான். இவற்றைவிடக் கறாரான கோல் ஒன்று இருக்கிறது. அந்த ஆளை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டால் எது நடக்காமல் போயிருக்கும் என்று கேட்பது அது. மறுநாளே வேறொருவர் வந்து அதே வேலையை அதே தரத்தில் செய்துவிடுவார் என்றால், பதவி எவ்வளவு பெரிதானாலும் அதில் அவருக்கே உரிய பங்கு சிறிது. யாரும் வந்திருக்க மாட்டார்கள், வேலை அப்படியே கிடந்திருக்கும், அதனால் சிலர் செத்தும் போயிருப்பார்கள் என்றால், அவர் செய்தது எளிய வேலையாக இருந்தாலும் அது அவருடையது. பிறருக்கு உதவுவதில் தன் மதிப்பைக் கண்டவர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தியாகத்தைச் சுற்றியே நடக்கிறது. எவ்வளவு இழந்தார் என்பதே கணக்காகிறது. இழப்பின் அளவை விட, ஆள் இல்லாத இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கும் கூர்மைதான் முக்கியம். குமரி மாவட்டத்தில் இதற்குத் தெளிவான சான்று நெய்யூர் மருத்துவமனையும், அங்கே அறுவை மருத்துவராக இருந்த தியோடர் ஹோவர்டு சாமர்வெல்லும்.

நெய்யூர் கல்குளம் வட்டத்தில், இரணியலுக்கும் திங்கள்நகருக்கும் பக்கத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூரும், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சியுமாக இருந்த நிலப்பகுதி. லண்டன் மிஷன் சங்கத்தின் சார்ல்ஸ் மீட் 1828இல் அங்கே தங்கிப் பணி செய்யத் தொடங்கினார். 1838இல் ஆர்ச்சிபால்டு ராம்சே என்ற மருத்துவர் வந்தார், நீண்டநாள் இருக்கவில்லை. அடுத்து வந்த லீச் 1854இல் முட்டம் கடலில் மூழ்கி இறந்தார். அதன்பின் 1861இல் ஜான் லோ வரும் வரை ஏழு ஆண்டுகள் மருத்துவர் இல்லை. லீச் இறந்தார் என்பதற்காக நோய்கள் காத்திருக்கவில்லை. காலராவும் அம்மையும் வந்தன; பேறுகாலச் சாவுகள் நடந்தன. ஒரு மருத்துவர் கடலில் போனதும் ஒரு வட்டாரமே மருத்துவம் இல்லாமல் நின்றது என்பதைக் கண்முன் கண்டதாலோ என்னவோ, லோ 1864இல் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவ வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். அதில் படித்தவர்கள் ஊர் ஊராகக் கிளை மருந்தகங்களில் அமர்ந்தார்கள். தனி ஒருவரின் உழைப்பு பெரியது; தான் போன பிறகும் வேலை நிற்காதபடி செய்துவிட்டுப் போவது அதனினும் பெரியது. லோவின் பெயர் இன்று சாமர்வெல்லின் பெயரைப்போல மக்கள் வாயில் இல்லை. ஆனால் பின்னால் வந்த அத்தனை பேரும் நின்றது அந்த வகுப்பு போட்ட அடித்தளத்தின் மேல்தான்.

சாமர்வெல் 1890 ஏப்ரல் 16இல் இங்கிலாந்தின் வடமேற்கில் கெண்டல் என்ற ஊரில் பிறந்தார். குடும்பத்துக்குக் காலணித் தொழிற்சாலை இருந்தது. கேம்பிரிட்ஜில் படித்து, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். இசை தெரியும், ஓவியம் வரைவார், சிறுவயது முதலே மலையேறுவார். முதல் உலகப்போரில் காயம்பட்டவர்களை முதலில் கொண்டுவந்து சேர்க்கும் முகாம் மருத்துவமனையில் பிரான்சில் வேலை செய்தார். 1916 சோம் போரில் தூக்குப்படுக்கைகள் வயல்வெளி நெடுகக் கிடந்தன. கத்தி பிடிக்கத் தெரிந்தவர்கள் சிலர்தான். யாரை முதலில் எடுப்பது, யாரை விடுவது என்று நிமிடத்துக்கு நிமிடம் முடிவெடுக்க வேண்டியிருந்தது. போர் முடிந்தபோது அவர் போரை வெறுப்பவராக ஆகியிருந்தார். மருத்துவர் பற்றாக்குறை என்றால் மனித உயிரில் என்ன பொருள் என்பதையும் அங்கேதான் படித்தார்.

1922இல் எவரெஸ்டு ஏறச் சென்ற பிரிட்டிஷ் குழுவில் அவர் இருந்தார். மே 21இல் மலோரி, நார்ட்டன், சாமர்வெல் மூவரும் ஆக்சிஜன் இல்லாமல் 8,225 மீட்டர் உயரம் வரை சென்றார்கள். அதுவரை மனிதர் எவரும் அவ்வளவு உயரத்தில் கால் வைத்ததில்லை. அதே குழு ஜூன் 7இல் மறுபடி ஏற முயன்றபோது வடக்குக் கணவாய்க்குக் கீழே பனிச்சரிவு வந்து ஏழு சுமைதூக்கிகளைக் கொண்டுபோனது. கயிற்றில் முன்னால் சென்ற ஆங்கிலேயர் எல்லோரும் பிழைத்தார்கள்; இறந்த ஏழு பேரும் மலைநாட்டுக் கூலியாட்கள். அந்தச் சாவில் ஒரு வெள்ளைக்காரனும் பங்குகொள்ளவில்லையே என்ற வேதனை சாமர்வெல்லை விடவில்லை. 1936இல் வெளிவந்த ‘ஆஃப்டர் எவரெஸ்ட்’ என்ற தன்வரலாற்று நூலிலும் அதை அவர் மறைக்காமல் எழுதினார். எல்லோரும் சாதனையைப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், யாருடைய உயிர் யாருடைய ஆசைக்குச் செலவாகிறது என்று கேட்டவர் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பயணம் முடிந்ததும் மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். சாமர்வெல் இந்தியாவை வடக்கெல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை பார்க்கப் புறப்பட்டார். அந்த வழியில்தான் நெய்யூர் வந்தது. மருத்துவமனையில் தகுதிபெற்ற அறுவை மருத்துவர் ஒருவர்தான்; பெயர் பியூ. வெளியே நோயாளிகள் வரிசையாகக் காத்திருந்தார்கள். கட்டிலோடு சுமந்து கொண்டுவரப்பட்டவர்கள், மாட்டுவண்டியில் இரவெல்லாம் வந்தவர்கள். பார்க்க வந்தவர் அன்றே உதவிக்கு நின்றார். லண்டனில் பெரிய மருத்துவமனையில் அறுவை மருத்துவராக உயரும் வாய்ப்பு அவருக்காகக் காத்திருந்தது. அதை விட்டுவிட்டு நெய்யூருக்கே வருவது என்று முடிவு செய்தார்.

இந்த முடிவைப் பலரும் துறவு என்ற கண்ணால் பார்க்கிறார்கள். அது பாதி உண்மைதான். லண்டன் பதவியை அவர் மறுத்த அன்றே அதற்குத் தகுதியான வேறு பலர் இருந்தார்கள். நோயாளி ஒருவருக்கும் அதனால் குறை வந்திருக்காது. எவரெஸ்டுக்கும் அவர் இல்லாவிட்டால் இன்னொரு மலையேறி வந்திருப்பார். நெய்யூர் வரிசை மட்டும் அவர் வராவிட்டால் அப்படியே நின்றிருக்கும். சோம் போர்க்களத்தில் பழகிய விரைந்த கை, மலையில் பழகிய உடல், தன் கையாலேயே எதையும் சமாளிக்கும் துணிவு ஆகிய மூன்றும் சேர்ந்து தேவைப்பட்ட இடம் அது. அவருடைய திறமைக்கும் அந்த ஊரின் தேவைக்கும் பொருத்தம் இருந்தது. தன் மதிப்பு எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பொருத்தத்தைத்தான்.

மலையை அவர் ஒரேயடியாக விட்டுவிடவும் இல்லை. 1924இல் மீண்டும் எவரெஸ்டுக்குப் போனார். அந்தப் பயணத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் அருகில் நின்று பார்க்கத் தக்கவை. மே மாதம் கடும்பனியில் நான்கு சுமைதூக்கிகள் வடக்குக் கணவாய் முகாமில் இறங்க முடியாமல் சிக்கிக்கொண்டார்கள். மே 24இல் நார்ட்டன், மலோரி, சாமர்வெல் மூவரும் அவர்களை எடுக்க ஏறினார்கள். கடைசிச் சரிவில் பனி எந்த நொடியும் பெயர்ந்து விழலாம். சாமர்வெல் கயிற்றைக் கட்டிக்கொண்டு குறுக்கே சென்றார். சில கெஜம் இருக்கும்போது கயிறு தீர்ந்துவிட்டது. நான்கு பேரில் இருவர் கால் வழுக்கிச் சரிவில் சறுக்கிச் சென்று, தற்செயலாகப் பனி குவிந்து நின்றுபோனார்கள். அவர் பனிக்கோடரியை ஆழ ஊன்றி, இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்துக் கோடரியில் சுற்றி, ஒரு கையால் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு மறுகையை நீட்டி அவர்களை ஒவ்வொருவராக இழுத்துச் சேர்த்தார். நான்கு பேரும் பிழைத்தார்கள். 1922இல் ஏழு பேர் போன அதே சரிவுகளின் பக்கம் அது.

பதினொரு நாள் கழித்து, ஜூன் 4இல், அவரும் நார்ட்டனும் உச்சியை நோக்கி ஏறினார்கள். ஏறத்தாழ 8,500 மீட்டரில் சாமர்வெல் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். நார்ட்டன் 8,573 மீட்டர் வரை சென்றார். ஆக்சிஜன் இல்லாமல் அதைவிட உயரம் 1978இல் மெஸ்னரும் ஹேபெலரும் உச்சியைத் தொடும் வரை யாரும் போனதாக உறுதியான பதிவு இல்லை. இறங்கும் வழியில் சாமர்வெல்லின் தொண்டை அடைத்துக்கொண்டது. குளிரில் செத்துப்போன குரல்வளையின் உட்தோல் உரிந்து மூச்சுக்குழாயை மூடியிருந்தது. கூப்பிடக் குரல் வரவில்லை. நார்ட்டன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். சாவதற்கென்று பனியில் உட்கார்ந்தவர், இரண்டு கையாலும் நெஞ்சை ஓங்கி அழுத்தி ஒருமுறை இருமினார். சதைத் துண்டு வெளியே வந்து விழுந்தது. அப்படிப் பிழைத்த மூச்சோடு நெய்யூருக்கு வந்தார். மலோரியிடம் அவர் கொடுத்தனுப்பிய சிறிய கோடக் காமிரா, ஜூன் 8இல் மலோரியும் அவருடன் ஏறிய அயர்வினும் மறைந்தபோது அவர்களோடு போனது. மலோரியின் உடல் 1999இல் கிடைத்தது. காமிரா இன்னும் கிடைக்கவில்லை.

நெய்யூரில் அவர் செய்த வேலையின் நடுத்தண்டு வயிற்று அறுவை. தென் திருவிதாங்கூரில் குன்மம் என்றும் வயிற்றுவலி என்றும் சொல்லப்பட்ட நோய் ஏராளம். சிறுகுடல் தொடங்கும் இடத்தில் விழும் புண் அது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வலி பிடிக்கும். ஆண்டுக்கணக்கில் போனால் புண் ஆறி ஆறித் தழும்பேறி, இரைப்பையின் வாசலே சுருங்கிவிடும். உண்டது கீழே இறங்காது. இரைப்பை பானைபோல உப்பும். மாலையில் காலைக் கஞ்சியும் வாந்தியாக வரும். வேலைக்குப் போகும் வயதில் ஆண்கள் எலும்பும் தோலுமாகிப் போவார்கள். ஓர் ஆள் கூலிக்குப் போக முடியாமல் விழுந்தால் அவனை நம்பிய வீடு முழுதும் விழும்.

இதற்கு அன்றிருந்த வழி, புண்ணைத் தொடாமல் இரைப்பையின் அடிப்பக்கத்தையும் அதற்கப்பால் உள்ள சிறுகுடல் வளையத்தையும் அருகருகே வைத்து, இரண்டிலும் துளையிட்டு, விளிம்போடு விளிம்பைத் தைத்து, சாப்பாட்டுக்குப் புதிய வழி திறந்துவிடுவது. உள்ளே ஒரு தையல் வரிசை, வெளியே ஒரு வரிசை. ஒரு தையல் நழுவினால் வயிற்றுக்குள் கசிந்து ஆள் சாவான். ஒரு கை தேர்ந்துவிட்டால் விரைவாகவும் பத்திரமாகவும் செய்யக்கூடிய அறுவை. ஆனால் கை தேர்வதற்கு நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டும். நெய்யூரில் அப்படிச் செய்யும் தேவை இருந்தது. 1936இல் சாமர்வெல்லும் அவருடன் பணிபுரிந்த ஐயான் ஆரும் சேர்ந்து 2,500 நோயாளிகளை வைத்து எழுதிய ஆய்வு இங்கிலாந்தின் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரி’ இதழில் வந்தது. அவ்வளவு பெரிய தொகுப்பு வந்தது ஒரு கிராமத்து மருத்துவமனையிலிருந்து.

இவ்வளவு பேருக்கு ஏன் இந்த நோய் என்ற கேள்வியும் அங்கே கேட்கப்பட்டது. விசாகம் திருநாள் காலத்தில், 1880களின் முற்பகுதியில், திருவிதாங்கூரில் பரப்பப்பட்ட மரச்சீனி ஏழைகளின் பஞ்சத்தைத் தாங்கியது. அரிசி வாங்க முடியாத வீட்டில் மரச்சீனியும் கொஞ்சம் மீனும் மிளகாயும்தான் நேரத்துக்கு நேரம் உணவு. சாமர்வெல்லும் ஆரும் இந்த உணவின் குறைபாட்டைச் சந்தேகித்தார்கள். அதே காலத்தில் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன், தென் திருவிதாங்கூர் ஏழையின் உணவைக் கொடுத்து வளர்த்த எலிகளுக்கு வயிற்றுப்புண் வருவதையும், கோதுமை ரொட்டியும் பாலும் காய்கறியும் தின்ற எலிகளுக்கு வராததையும் கண்டிருந்தார். ஆர் 1933இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய இன்னொரு கட்டுரை, வெற்றிலை போடும் பழக்கத்துக்கும் திருவிதாங்கூரில் வாய்ப்புற்று மிகுதியாக இருப்பதற்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. புகையிலை சேர்ந்த வெற்றிலைக்கூட்டு புற்றை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது 1985இல். அரை நூற்றாண்டுக்கு முன்பே நெய்யூரில் அதைப் பார்த்திருக்கிறார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்து, அந்த மக்களின் வாயையும் வயிற்றையும் நாள்தோறும் பார்த்தவர்களுக்கே கிட்டக்கூடிய அறிவு இது. லண்டனில் எவ்வளவு திறமையாளர் இருந்திருந்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது.

வயிற்றுப்புண்ணுக்கு இன்று அந்த அறுவையைச் செய்வது அரிது. 1982இல் ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியைக் கண்டறிந்தார்கள். 2005இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு வார மாத்திரையில் ஆறுகிற நோயாகிவிட்டது குன்மம். சாமர்வெல்லின் தேர்ந்த கை, மாற்றி மாற்றிச் செம்மைப்படுத்திய முறைகள் எல்லாம் பாடநூலின் பழைய பக்கங்களுக்குப் போய்விட்டன. அதனால் அவருடைய மதிப்பு குறைகிறதா? குறையாது. 1930இல் கஞ்சி இறங்காமல் கிடந்தவனுக்கு 1982 வரை காத்திருக்க முடியாது. அவன் எழுந்து வயலுக்குப் போனான், பிள்ளைகளை வளர்த்தான். நிலைத்த புகழையும் காலத்தை வெல்லும் கண்டுபிடிப்பையும் மட்டுமே பெரிதாக எண்ணும் பழக்கம் இந்த உண்மையை மறைத்துவிடுகிறது. உரிய காலத்தில் உரியவருக்குக் கிடைத்த உதவி, பின்னால் அதைவிட நல்ல உதவி வந்துவிட்டதால் பொய்யாகிவிடுவதில்லை.

இந்தக் கதையை ஒற்றை வீரனின் கதையாகச் சொல்வது நேர்மையாகாது. ஒரு நாளில் நடந்த அறுவைகளுக்குப் பின்னால் கருவிகளைக் கொதிக்க வைத்தவர்கள், காயத்துக்குக் கட்டுப்போட்ட டிரசர்கள், இரவெல்லாம் கண்விழித்த செவிலியர், கிளை மருந்தகங்களில் நோயைச் சரியாக இனங்கண்டு நெய்யூருக்கு அனுப்பிவைத்த உள்ளூர் மருத்துவர்கள் இருந்தார்கள். லோவின் வகுப்பிலிருந்து தொடங்கிய சங்கிலி அது. அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை எந்த நூலிலும் இல்லை. மிஷன் மருத்துவமனை மதப்பணியின் ஒரு பகுதியாகவும் பிரிட்டிஷ் ஆட்சியின் நிழலிலும் வளர்ந்தது என்பதும் உண்மை. அதே சமயம், கோயில் தெருவில் நடக்கவும் சந்தையில் கலந்து நிற்கவும் தடை இருந்த ஒரு நாட்டில், எல்லாச் சாதி நோயாளிகளுக்கும் கதவு திறந்திருந்த இடம் அது. இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

தன் கைக்கு எளிதாக வந்த ஒன்று இன்னொரு இடத்தில் பெரும் மாற்றமாக முடிவதற்கு இந்த மாவட்டத்தில் வேறு சான்றுகளும் உண்டு. 1820களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் ஒரு மிஷனரியின் மனைவியான மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். இங்கிலாந்தில் அது சாதாரணக் கைவேலை. ஆளையே விற்று வாங்கும் வழக்கம் இருந்த திருவிதாங்கூரில், அடிமைப் பெண்கள் பின்னல் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டார்கள். அங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான்.

தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இன்னும் நெருங்கிய சான்று. பள்ளி ஆசிரியர், எளிய தமிழில் பாடத் தெரிந்தவர். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்கு, போனது. கணவன் இறந்ததும் மனைவியும் பிள்ளைகளும் நடுத்தெருவுக்கு வந்தார்கள். வக்கீல்களும் கூட்டங்களும் வாதாடிக்கொண்டிருந்த இந்த வழக்கை, அவர் ஒரு வீட்டுப் பெண்ணின் வாயில் வைத்து ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்று பாடினார். ஊரே படித்துச் சிரித்தது, சிரித்து முடிந்தபின் வெட்கப்பட்டது. 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. சட்டத்துக்கு உழைத்தவர்கள் பலர். ஆனால் அந்த வழக்கத்தை அதே சமூகத்துக்குள் பிறந்து, அதே பேச்சில், கோபம் வராமல் கேட்கும்படி சொல்ல அவர் ஒருவரால்தான் முடிந்தது.

சாமர்வெல் 1940களின் இறுதியில் நெய்யூரை விட்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். தனக்குக் கை வந்ததைப் பிறர் கைக்குக் கொடுக்கும் வேலை அங்கே நடந்தது. மாணவர்களுக்கு அறுவை கற்பித்தார். லோ தொடங்கிய பாதையில்தான் அவரும் முடித்தார். 1961இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். மலையேறிகளின் பழம்பெரும் அமைப்பான ஆல்பைன் கிளப் 1962இல் அவரைத் தலைவராக்கியது. 1975 ஜனவரி 23இல் ஏரி மாவட்டத்தில் காலமானார். நாகர்கோவில்காரரான ஜெயமோகன் ‘அறம்’ தொகுப்பில் அவரை வைத்து ‘ஓலைச்சிலுவை’ கதையை எழுதினார். புதிய தலைமுறை அவரை அறிந்தது பெரும்பாலும் அந்தக் கதை வழியாக.

நெய்யூர் மருத்துவமனை இன்றும் தென்னிந்தியத் திருச்சபையின் நிர்வாகத்தில் நடக்கிறது; புற்றுநோய்க்கென்று தனி மையமும் அங்கே இருக்கிறது. மாவட்ட எல்லையைத் தாண்டியதும் கேரளத்தில் காரக்கோணத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரிக்கு அவருடைய பெயர்தான்.